ராம்கி உரித்த சுவர்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல. ஊரார் இதைத் தப்பாகச் சொல்கிறார்கள். அதனால் எழுத உட்கார்ந்தேன்.

உசிலம்பட்டி சந்தைக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மதில் சுவரை இப்போது போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கைபேசியில் படம் எடுக்கிறார்கள். டீக்கடையில் ஒரு கதை ஓடுகிறது: அந்த வீட்டுப் பையன் செத்துப் பிழைத்தவன், சாமி வந்து சுவரைப் பிறாண்டினான் என்று. பஸ் ஸ்டாண்டில் வேறொன்று: சொத்துத் தகராறில் பங்காளிகளே, உயிரோடு இருப்பவனுக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்டிவிட்டார்கள் என்று. முதல் கதையைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவதைக் கேட்ட அன்று பேனாவைத் திறந்தேன். எங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு இருந்ததில்லை. இருந்தாலும் அது சுவருக்கு வராது.

தொடங்கும் முன் வாசகரோடு ஓர் ஏற்பாடு. இந்தக் கதைக்குள் நானும் வருகிறேன். ஆனால் உள்ளே 'நான்' என்று வரமாட்டேன். 'பெரியப்பா' என்று வருவேன். வீட்டில் எனக்கு அதுதான் பெயர். கதை நடக்கும்போது ராம்கியின் பக்கத்தில் நின்றுதான் சொல்லப் போகிறேன். ராம்கி என் தம்பி மகன். இருபது வயது. அவன் மனதில் ஓடியது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எழுதிய பக்கங்களை அவனிடமே கொடுத்தேன். அவன் ஓரத்தில் கிறுக்கியதை அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த உரிமை உண்டு.

2

முதல் தொடக்கம்:

"செக்கானூரணிச் சாலையில் அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. மேற்கு வானம் குருதிச் சிவப்பில்—"

விட்டுவிட்டேன். அன்று மேகமூட்டம்.

இரண்டாம் தொடக்கம்:

"சாலையைக் கடக்க ஓடிவந்த ஒரு சிறுமியைக் காப்பாற்ற, ராம்கி தன் வண்டியைச் சட்டென்று திருப்பிய அந்தக் கணத்தில்—"

இதை ரொம்ப நாள் வைத்திருந்தேன். குடும்பத்துக்குப் பொருத்தமான தொடக்கம். அடிபட்டாலும் ஒரு காரணத்துக்காக அடிபட்டதாக இருக்கும்.

(எந்தச் சிறுமி பெரியப்பா? ரோட்டுல ஒரு நாய்கூட இல்ல. — ராம்கி)

ஆகவே மூன்றாவது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் அன்றைய வகுப்பை முடித்துக்கொண்டு கல்லூரியிலிருந்து ராம்கி பைக்கில் உசிலம்பட்டிக்கு வந்துகொண்டிருந்தான். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர். டிரெய்லரின் பின்னால் விளக்கு இல்லை. ராம்கியின் கவனமும் சாலையில் இல்லை. மோதினான். வலது கை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் சிக்கி நசுங்கியது. தலை தார்ச்சாலையில் மோதியது. ஹெல்மெட் இருந்தது. எங்கே இருந்தது என்பதை நான் எழுதமாட்டேன்.

(பெட்ரோல் டேங்க் மேல. — ராம்கி)

3

வெளியூர் வாசகருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். மதுரையிலும் அதைச் சுற்றிய எங்கள் சீமையிலும் ஒரு வீட்டில் நடப்பது சுவரில் ஏறினால்தான் நடந்ததாகக் கணக்கு. காதுகுத்து, பூப்பு நீராட்டு, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் போஸ்டர். சாவுப் போஸ்டர் மட்டும் நேரத்துக்கு வந்தாக வேண்டும். உடல் வாசலைத் தாண்டுவதற்குள் முகம் சுவரில் இருக்க வேண்டும்.

என் தம்பி சிவனாண்டி, அதாவது ராம்கியின் அப்பா, காலமானபோது அது நடக்கவில்லை. மின்தடை என்றார்கள் பிரஸ்ஸில். தூக்கி, எரித்து, குளித்துவிட்டு வந்த பிறகுதான் போஸ்டர் வந்தது. "சிவனாண்டி சாம்பலுக்குத்தான் அஞ்சலி" என்று ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பைக் குடும்பத்தில் யாரும் மறக்கவில்லை. எல்லாரையும்விட மறக்காதவர் கருத்தக்கண்ணன். சிவனாண்டியின் மனைவி சின்னத்தாயின் தம்பி. ராம்கிக்குத் தாய்மாமன்.*

அடிபட்டதற்கு மறுநாளும் ராம்கி நினைவில்லாமல் மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்; அதற்கு அடுத்த நாள் ஆயுத பூஜை. டாக்டர் வெளியே வந்து, "விடியட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கருத்தக்கண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து பிரஸ்காரருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, இப்பச் சொன்னாத்தான் உண்டு," என்றார் பிரஸ்காரர். "பொழுது சாயவும் மிஷினைத் தொடச்சுப் பொட்டு வச்சிருவோம். பூசை முடிஞ்சுதான் ஓட்டுவோம். அவசரம்னா சொல்லுங்க."

அவசரமா இல்லையா என்பது யாருக்குத் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் கருத்தக்கண்ணன். அடித்துச் சுருட்டி மூலையில் வை, வேண்டியிருக்காது, வேண்டியிருந்தால் சொல்கிறேன் என்றார். பிரஸ்காரர் அப்படியே சுருட்டி மூலையில் வைத்தார். பிரஸ்ஸுக்குப் போஸ்டர் ஒட்டித் தருகிறவன் காளை. பூஜைக்கு முன்பு இருப்பதையெல்லாம் ஒட்டிவிட வேண்டும் என்று வந்தவன் மூலையில் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனான். பிறகு கேட்டபோது, "துக்கப் போஸ்டரை காக்க வைக்கப்புடாது சார்," என்றான். அவன் தொழில் தர்மம் அது. அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொழுது விடிந்தபோது உசிலம்பட்டி முழுக்க ராம்கி இறந்திருந்தான். மதுரையில் அதே நேரத்தில் கண்ணைத் திறந்து, "அம்மா, போன் ஒடஞ்சிருச்சா?" என்றான்.

வீட்டுக்கு மாலைகள் வந்தன. தூரத்து உறவுக்காரி ஒருத்தி தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். ராம்கியின் அக்கா அஸ்வினி வாசலில் நின்று, "அத்தை, அழாதீக. தம்பி முழிச்சுட்டான்," என்றாள். அந்த அம்மாள் ஒரு நிமிடம் நின்றாள். "முழிச்சுட்டானா? நல்லாருக்கட்டும். ரெண்டு பஸ்ஸு மாறி வந்தேன், காப்பியாச்சும் போடு," என்று உள்ளே போனாள்.

ஊரில் ஒட்டியதையெல்லாம் பையன்கள் கிழித்தார்கள். எங்கள் மதில் சுவரில் இருந்ததை மட்டும் கிழிக்க முடியவில்லை. சின்னத்தாய் வந்து மறித்துக்கொண்டாள். "எம்புள்ள மூஞ்சியக் கிழிக்க ஒருத்தனையும் விடமாட்டேன்" என்றாள். விட்டுவைப்பதும் தகாது, கிழிப்பதும் தகாது. பெரியப்பா காளையைக் கூப்பிட்டு, "இதுக்கு மேல எதையாச்சும் ஒட்டு," என்றார். ஒரு ஜவுளிக்கடைத் தள்ளுபடிப் போஸ்டர் ஏறியது. எங்கள் சுவரில் ஒட்டலாம் என்று ஊருக்குத் தெரிந்ததும் அதன் மேல் ஒரு கல்யாணம், ஒரு கோயில் கொடை விழா, ஒரு ஜல்லிக்கட்டு மாடு, இன்னொரு கல்யாணம் என்று தாள்மேல் தாளாகச் சுவர் தடித்தது.

கருத்தக்கண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

* முதல் பிரதியில் 'ஒரு உறவினர்' என்றுதான் எழுதியிருந்தேன். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. வந்து நின்று, "என்ன பெரிய மச்சான், நான் ஊர் பேர் இல்லாதவனா? போஸ்டர்ல அம்புட்டுப் பெருசா பேரு போட்டவன் கதையில ஒளிஞ்சுக்கிருவேனா? பேரைப் போடுங்க," என்றார். போட்டுவிட்டேன். அவர் எப்படித் திரும்பவும் வந்து நின்றார் என்பதுதான் கதை.

4

தலைக்காயம் ஆறியது. கைதான் ஆறவில்லை. கம்பி வைத்து, கம்பியை எடுத்து, கட்டைப் பிரித்தபோது வலது கை விரல்கள் விறைத்து நின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. நடுவே ஒரு நெல்லிக்காய் நுழைகிற இடைவெளி.

சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள். அதைக்கூட ராம்கி தாங்கிக்கொண்டான். சாப்பாடுதான் அவனை வதைத்தது. சோற்றைப் பிசைய வரவில்லை. இடது கையால் சாப்பிட மனம் ஒப்பவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டான். யாராவது கூடத்துக்குள் வந்தால் ஸ்பூனைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, "பசிக்கல," என்று எழுந்துவிடுவான். கல்லூரிக்குப் போகவில்லை. கல்யாணங்களுக்குப் போகவில்லை. பந்தி என்ற சொல்லைக் கேட்டாலே அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

பிசியோதெரபிஸ்ட் பவதாரிணி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அது ஜன்னலில் தூசி பிடித்துக் கிடந்தது.

"அமுக்குனீங்களா தம்பி?"

"அமுக்குறேன் மேடம்."

"பந்து சொல்லுது, நீங்க பொய் சொல்றீங்கன்னு."

அவன் சிரிக்கவில்லை.

ஒரு நாள் பெரியப்பா வற்புறுத்தி டீக்கடைக்கு அனுப்பினார். பெஞ்சில் இருந்த கூட்டாளிகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஏய், நகந்து உக்காருங்கடா. அமரர் வந்திருக்காரு."

"மாப்ள, மேல சாப்பாடெல்லாம் எப்பிடி? நம்ம ஊரு சால்னா கெடைக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராம்கியும் சிரித்தான். சிரித்ததில் கிளாஸ் விரலிடுக்கில் நழுவி டீ முழுக்க மடியில் கொட்டியது. அப்போது சிரிப்பு நின்றது. மடியைத் துடைத்துக்கொண்டே அவன் ஒன்று கேட்டான்.

"போஸ்டர்ல எனக்கு என்ன தேதி போட்டிருந்துச்சு?"

யாருக்கும் ஞாபகம் இல்லை. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் எந்த அஞ்சலிப் போஸ்டரிலும் இருக்கும். பிறந்த தேதி அவனுக்குத் தெரியும். மற்றதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு அன்று ஒரு பிடிவாதம் வந்தது. தன்னை என்றைக்கு முடித்துக் கணக்கை எழுதினார்கள்?

(போட்டோ யாரிடமும் இல்லையா என்று வாசகர் கேட்பார். இருந்தன. சின்னத்தாய் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இது என் குறிப்பு, ராம்கியுடையது அல்ல.)

அன்று சாயங்காலமே அவன் சுவர் முன்னால் வந்து நின்றான்.

5

காய்ந்த போஸ்டரைப் பிய்த்தால் அடியில் இருப்பதும் சேர்ந்து கிழியும். ராம்கிக்கு இது முதல் பிய்ப்பிலேயே தெரிந்துவிட்டது. ஈரத்துணியை இடது கையால் ஒற்றி, மைதாப் பசை ஊறும்வரை காத்திருந்து, ஓரத்தை நகத்தால் நெம்பி, இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். இரண்டு விரலால் பிடிப்பது என்பதுதான் அவனால் ஆகாத காரியம். தாள் நழுவியது. மறுபடி பிடித்தான். நழுவியது. கோபத்தில் சுவரைக் குத்தப் போய், குத்தினால் வலிக்கும் என்று நிறுத்திக்கொண்டான்.

(குத்துனேன் பெரியப்பா. நீங்க பாக்கல. — ராம்கி)

மேலே இருந்த கல்யாணத்தை ஒரு மூலையிலிருந்து உரித்தான். பக்கத்து வீட்டு ஆடு வந்து கீழே விழுந்த தாள்களைப் பசையோடு தின்றது. மறுநாளும் உரித்தான். மதில் ஓரத்தில் வாளியும் துணியும் நிரந்தரமாக இடம்பிடித்தன. சின்னத்தாய் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். 'வேண்டாம்' என்று சொல்லவும் முடியவில்லை. அறைக்கு வெளியே மகன் ஒரு வேலை செய்து அவள் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

முழுசாக உரித்துக்கொண்டே போயிருந்தால் இது ஒரு சுத்தம் செய்கிற கதை. ஒரு நாள், கல்யாணப் பெண்ணின் முகத்தை எடுக்கும்போது ஒரு கண் மட்டும் சுவரில் தங்கிவிட்டது. அதைச் சுற்றி அடியில் இருந்த ஜவுளிக்கடை நீலம் தெரிந்தது. ராம்கி தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான். கண்ணை எடுக்கவில்லை. அடுத்த நாள் ஜல்லிக்கட்டு மாட்டின் ஒரு கொம்பை விட்டுவைத்தான். கொம்பின் வளைவுக்குக் கீழே கோயில் கொடையின் குங்குமச் சிவப்பை விரல் அகலத்துக்கு விட்டான். அது அதிகம் என்று பட்டதும் பாதியை எடுத்தான். எதிர்ப்பக்கம் போவதும், பார்ப்பதும், திரும்பி வருவதும், ஒரு நகம் அளவு எடுப்பதுமாகப் பொழுது போனது. எதை எடுப்பது என்று தொடங்கியவன் எதை விடுவது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தான்.

பவதாரிணி ஒரு நாள் வீட்டுக்கே வந்தாள். சுவரைப் பார்த்தாள். அவன் விரலைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இப்போது ஒரு புளியங்கொட்டைதான் நுழையும்.

"அந்தப் பந்தை ஆட்டுக்குட்டிக்கு வெளையாடக் குடுத்துருங்க," என்றாள்.

6

இங்கே நான் நிறுத்தினேன். ராம்கி என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது.

அவன் படித்தது என் பள்ளிக்கூடத்தில். ஓவிய வகுப்பில் காக்கை வரையச் சொன்னால் செருப்பு வரைவான். அப்படிப்பட்டவன் எதிர்ப்பக்கம் நின்று நிறம் பார்த்தான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நானே நம்பவில்லை. 'சிறுவயது முதலே அவன் உள்ளத்தில் ஒரு கலைஞன் உறங்கிக்—' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். உறங்கவில்லை. இருந்ததே இல்லை.

'கலை மனிதனை ஆற்றும்' என்று அடுத்து எழுதினேன். அதையும் அடித்தேன். அந்த வாக்கியத்தைப் பள்ளி ஆண்டு விழாக்களில் நானே பல முறை பேசியிருக்கிறேன். ஒரு தடவையும் நின்று யோசித்ததில்லை. ஆற்றும் என்றால் எதை? எலும்பை டாக்டர் சேர்த்தார். தோலை உடம்பே சேர்த்துக்கொண்டது. மிச்சம் என்ன? மிச்சம் அந்த ஸ்பூன். தட்டுக்கு அடியில் அதைத் தள்ளுகிற அவசரம். அதற்கு மருந்து எழுத ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை.

பவதாரிணியிடம் கேட்டேன். படித்த பெண், சுருக்கமாகச் சொன்னாள். "பந்தை அமுக்குனா பந்து பழையபடி உப்பிரும் சார். இன்னிக்கு என்ன செஞ்சோம்னு அதுல தெரியாது. சுவத்துல தெரியுது. அதான்."

இதைவிட நன்றாக நான் எழுத முடியாது. ஆகவே கதைக்குத் திரும்புகிறேன்.

(நான் கலையெல்லாம் நெனைக்கல. அந்த நீலம் நல்லா இருந்துச்சு, அம்புட்டுதான். — ராம்கி)

7

அஸ்வினிக்கு வாடிப்பட்டியில் இடம் அமைந்தது. நல்ல குடும்பம். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கும் இடம் மதில் சுவருக்கு நேர் எதிர். ராம்கி அதற்குள் மேல்தாள்களையெல்லாம் தாண்டி அடித்தாளைத் தொட்டிருந்தான். கொம்புக்கும் நீலத்துக்கும் நடுவே அவன் தலைமுடி தெரிந்தது. மேலே 'கண்ணீர்' வரைக்கும் தெரிந்தது.

பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

"ராம்கி, நாளைக்கு பெயிண்டர் வர்றான். வாளிய எடுத்து உள்ள வை."

"ரெண்டு நாள் குடுங்க பெரியப்பா. இன்னும் தேதிக்கு வரல."

"வாடிப்பட்டிக்காரங்க வந்து எறங்கி மொதல்ல எதைப் பாக்கணும்? கண்ணீர் அஞ்சலியையா? அக்கா வாழப் போறவ. நெனைச்சுப் பாத்தியா?"

"நீங்க மேல ஒட்டச் சொன்னதைத்தான எடுக்குறேன்."

"மரியாதைக்குச் சொன்னேன்."

"மரியாதைன்னா, மாமா இல்லாம எப்பிடி நிச்சயம் பண்ணுவீக? தாய்மாமன் சீர் எங்கன்னு வாடிப்பட்டிக்காரங்க கேக்க மாட்டாகளா?"

அது பெரியப்பாவுக்கும் தெரியும். அவரே இரண்டு தடவை கருத்தக்கண்ணனுக்கு ஆள் விட்டிருந்தார். "நான் கைவச்சா வெளங்காது. அந்தப் புள்ள மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்?" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர்.

"நாளைக்கு பெயிண்டர் வர்றான்," என்று மறுபடி சொல்லிவிட்டுப் பெரியப்பா உள்ளே போனார்.

ராம்கிக்கு அன்று தூக்கம் வந்ததா என்று கேட்டேன். நன்றாகத் தூங்கினானாம். நான்தான் தூங்கவில்லை.

8

காலையில் பெயிண்டர்கள் வந்தபோது ராம்கி ஏற்கெனவே சுவர் முன்னால் உட்கார்ந்திருந்தான். வாளி மூடியைத் திறக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அவன் திரும்பவில்லை. பெரியப்பா நாற்காலியைக் கொண்டுவந்து தெருவோரம் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க சார் ஆரம்பிக்க?"

"அந்தக் கோடியில இருந்து வாங்க," என்றார் பெரியப்பா. ராம்கி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தூரத்துக் கோடி அது.

ராம்கி துணியை ஒற்றினான். அவசரப்பட்டால் கிழியும். முதலில் அவன் முகம் வந்தது. ஒரு காதுகுத்தில் எடுத்த படம், வாய் கொள்ளாமல் சிரிக்கிற முகம். இடது கண்மேல் இருந்த தாளை இழுத்தால் கண்ணும் சேர்ந்து வரும் போலிருந்தது. அங்கே ஜல்லிக்கட்டு மாட்டின் கண் ஒட்டிக்கொண்டிருந்தது. இருக்கட்டும் என்று விட்டான். முகத்துக்குக் கீழே 'தோற்றம்' வந்தது. அவன் பிறந்த தேதி. அதற்கு நேரே வலப்பக்கம் நீலத் தாள். அதன் ஓரத்தை நெம்பினான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாளின் இரண்டு பக்கமும் சேர்ந்தன. நடுவே தாளின் கனம்தான். தாள் நழுவவில்லை.

'மறைவு' என்று வந்தது. இன்னும் இழுத்தான்.

வெள்ளை.

கையில் வந்த தாளைத் திருப்பிப் பார்த்தான். அதன் முதுகிலும் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. சுவரை விரலால் தடவினான். அங்கே எதுவும் அச்சிடப்படவே இல்லை.

"பெரியப்பா, தேதி எங்க?"

பெரியப்பா எழுந்து வந்து கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "அச்சுப் பிழைடா. அன்னைக்கே பாத்தேன். அவசரத்துல விட்டுட்டான்."

ராம்கி போனை எடுத்தான். வலது கையால் எடுத்தான். அது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டான். மணி ரொம்ப நேரம் அடித்தது.

"சொல்லு மாப்ள." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"மாமா, போஸ்டர்ல ஏன் தேதி போடல?"

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அந்தப் பிரஸ்காரன் நாளைக்குத் தேதி போடவா, நாளானைக்குப் போடவான்னு கேட்டான். எம்புட்டோ பாத்தேன்டா. வாயில வரல. அதை மட்டும் விட்ருன்னேன்."

"அப்புறம் எதுக்கு மாமா போஸ்டரு?"

"ஒங்கப்பனுக்கு லேட்டாயிருச்சுல்லடா மாப்ள."

பெயிண்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ விடைத்தாள் திருத்திய ஆள். விட்டுப்போன இடத்தைப் பிழை என்றே கணக்குப் போட்டிருந்தார்.

"மாமா, புதன்கிழமை சீர்வரிசையோட வந்துருங்க," என்றான் ராம்கி. "நீங்க வரலேன்னா இந்த இடத்துல நானே ஒரு தேதியை எழுதிருவேன்."

"வாயக் கழுவுடா எடுபட்ட பயலே!" என்று கத்தினார் கருத்தக்கண்ணன். பல மாதங்களுக்குப் பிறகு அவர் பழைய குரல் அது. "வாரேன்டா. வாரேன்."

போனை வைத்துவிட்டு ராம்கி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தான். திரும்பி வந்து 'கண்ணீர் அஞ்சலி'யை எழுத்து எழுத்தாக எடுத்தான். 'மறைவு' என்ற சொல்லை எடுத்தான். 'ஆழ்ந்த துயரத்துடன்' என்பதை எடுத்தான். அதற்குக் கீழே வரிசையாக இருந்த குடும்பத்துப் பெயர்களை எடுக்கவில்லை. முதலில் பெரியப்பாவின் பெயர், பட்டங்களோடு. கடைசியில் எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில் 'தாய்மாமன் கருத்தக்கண்ணன்'.

சுவரில் இப்போது சிரிக்கிற ஒருவன் இருந்தான். ஒரு கண் மாட்டுடையது. தலைக்கு மேல் கொம்பு. ஓரத்தில் ஒரு மணப்பெண்ணின் கண் அவனைப் பார்த்தது. சுற்றிலும் நீலமும் சிவப்பும். அடியில் பிறந்த தேதி, அதன் எதிரே வெள்ளை, அதற்கும் கீழே அவனைச் சேர்ந்தவர்கள் எல்லோரும்.

"சார், இதுக்கு மேல அடிக்கவா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"கேட்டுக்கு அடிங்க," என்றார் பெரியப்பா. "ரொம்ப நாளாத் துருப்புடிச்சுக் கெடக்கு."

9

முடிவுக்கு வந்துவிட்டோம். இங்கே எனக்குச் சிரமம்.

ஒரு முடிவை இப்படி எழுதினேன்: வாடிப்பட்டிக்காரர்கள் வேனை விட்டு இறங்குகிறார்கள். சுவரைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். பெரியப்பா முன்னே வந்து ஒரு சொற்பொழிவு ஆற்றி, கலையின் பெருமையை அவர்களுக்கு—

வேண்டாம். நடந்தது வேறு; அதை 'நான்' என்றே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் அப்பா இறங்கியதும் சுவர் முன்னால் நின்று, பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சம்பந்தி, வரவேற்புப் போஸ்டர் புது மாதிரியா இருக்கே! எந்த பிரஸ்ஸுல அடிச்சீக? எங்க பக்கத்து ரிசப்ஷனுக்கும் இதே டிசைன்ல சொல்லிருவமா?" என்றார். ராம்கியைக் கைகாட்டினேன். எங்கள் வீட்டிலேயே அடித்தது என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை.

கருத்தக்கண்ணன் மேளத்தோடு வந்தார். தட்டுகளை இறக்கி வைத்தவர் நேரே சுவரிடம் போய், தன் பெயரைத் தடவிப் பார்த்தார். தேதி இல்லாத வெள்ளை இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ராம்கி பக்கத்தில் போய், "மாமா, காலையிலதான் ரெண்டாந்தடவ அடிச்சாக, பெயிண்டு காயல, கேட்டுல சாஞ்சிறாதீக," என்றான். அவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தார். வேட்டி முழுக்கப் பச்சை.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் நெல்லிக்காய் அளவு இடைவெளி என்று நான்தான் தொடங்கினேன். அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

பந்தி போட்டார்கள். சம்பந்தி வீட்டார் ஒரு வரிசை, நாங்கள் எதிர் வரிசை. ராம்கி அறைக்குள் போகவில்லை. வந்து எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தான். சின்னத்தாய் யாருக்கும் தெரியாமல் அவன் இலையோரத்தில் ஒரு ஸ்பூனை வைத்துவிட்டுப் போனாள். சோறு விழுந்தது. வாளியோடு கருத்தக்கண்ணன் வந்து நின்றார்.

பந்தியில் பக்கத்து இலையை உற்றுப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை. சாப்பிடுகிறவனுக்கு அது அவமரியாதை. ஆகவே நான் என் இலையைப் பார்த்துக்கொண்டேன். எழுத்தாளன் என்பதற்காக அந்த வழக்கத்தை மீற எனக்கு விருப்பமில்லை. கேட்டதை மட்டும் சொல்கிறேன்.

"ரசம் ஊத்தவா மாப்ள?"

"ஊத்துங்க மாமா."

"குழி பறிச்சுக்கடா, ஓடிரும்."

"பறிச்சிருக்கேன். ஊத்துங்க."

ஸ்பூன் இலையில் உரசும் சத்தம் கேட்டதா என்று என்னைக் கேட்காதீர்கள். மேளக்காரர்கள் பக்கத்தில் இருந்தார்கள். எதிர் வரிசையில், சம்பந்தி வீட்டாருக்கு அடுத்தாற்போல் ஓர் இலை காலியாக இருக்கிறது. நீங்கள் இந்த வீட்டு ஆள் இல்லை. உங்களுக்கு அந்த வழக்கமும் இல்லை. உட்கார்ந்து, நிமிர்ந்து பாருங்கள்.

(சாப்புட்டுட்டுப் பாருங்க. ரசம் ஆறிரும். — ராம்கி)